ஐயனார் காட்டுச் சனிக்கிழமைகள்

ஜூன் 5 வந்தால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் குழி தோண்டுவார்கள். உலகச் சுற்றுச்சூழல் நாள். மரக்கன்று வரும், பூவாளி வரும், சிறப்பு விருந்தினர் வருவார், பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், படம் எடுத்துக்கொள்வோம். நான் வேலை பார்ப்பது விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கடற்காற்று எட்டும் ஒரு கிராமத்தில். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை இறங்க இன்னும் நான்கு மாதம் கிடக்கும்போது, கத்திரி வெயிலின் சூடு தரையை விட்டு நீங்காத நாளில் நட்ட கன்று என்ன ஆகும் என்று இந்த மண்ணில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த ஜூனில் அதே குழியில் இன்னொரு கன்று வைப்போம்.

மரம் நடுவது நல்ல காரியம்தான். புரட்டாசிக் கடைசியில் நடுங்கள், முதல் மழைக்கே வேர் பிடித்துக்கொள்ளும். என் வருத்தம் வேறு. வளர்ந்த காட்டுக்குள் அரை மணி நேரம்கூட உட்கார்ந்திராத பிள்ளையின் கையில் கன்றைக் கொடுத்து "பூமியைக் காப்பாற்று" என்கிறோம். எதைக் காப்பாற்றச் சொல்கிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயமாகக் கற்பிக்கச் சொன்னது. அதன் பலனாகப் பாடப்புத்தகங்களில் காடு இடம்பெற்றது. நான்காம் வகுப்புப் பிள்ளை "காடுகள் மழையைத் தருகின்றன" என்று பிழையில்லாமல் எழுதும். பள்ளியிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற ஐயனார் காட்டில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்டால், "முள்ளு மரம் டீச்சர்" என்று சொல்லும்.

அந்தக் காட்டுக்குத்தான் சில வருடங்களாகச் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். நானும் இன்னோர் ஆசிரியரும், பிள்ளைகளில் ஒருத்தியின் ஆயாவும் (பாட்டி). ஒரே காடு, ஒரே பாதை, திரும்பத் திரும்ப. இதை எழுத நினைத்ததே அந்தத் 'திரும்பத் திரும்ப' என்பதற்காகத்தான். வருடத்துக்கு ஒருமுறை பேருந்து பிடித்து வண்டலூருக்கோ முதுமலைக்கோ போய்வருவதில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை பார்த்த காடு காட்சியாகவே நின்றுவிடும். அதே மரத்தடிக்கு மாசியிலும் ஆடியிலும் கார்த்திகையிலும் போனால்தான், போன தடவை இருந்தது இந்தத் தடவை இல்லை என்று பிள்ளைக்கு உறைக்கும். அப்போதுதான் முதல் கேள்வி வரும்.

காடு என்றால் நம் மனத்தில் மலையும் அருவியும் யானையும் வந்து நிற்கும். சோழமண்டலக் கடற்கரைக்கென்று சொந்தமாக ஒரு காடு உண்டு என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்குத் தெரியாது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலில் சொல்வார்கள். வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மழையே இல்லாத இடத்தில் பச்சையாகவே நிற்கும் காடு. மரங்கள் ஓங்கி வளராது. பத்துப் பன்னிரண்டு மீட்டர் என்றாலே பெரிய மரம். இலைகள் சிறியவை, தடித்தவை, ஈரத்தை எளிதில் விட்டுக்கொடுக்காதவை. வீரை, காயா, உலக்கைப்பாலை, வெப்பாலை, எட்டி, தேற்றான், அழிஞ்சில், இடையே காரையும் சூரையும் பின்னிக்கிடக்கும் புதர்கள். கோடியக்கரையில் இந்தக் காடு இருக்கிறது, சென்னைக்குள் கிண்டியில் கொஞ்சம் இருக்கிறது. வயலுக்கும் விறகுக்கும் வீட்டுமனைக்கும் போக மிஞ்சியவற்றில் பல கோயில்காடுகள்தாம். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் புத்துப்பட்டில் ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்கும் காட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள். வெயிலில் சாலையோரம் இறங்கி நான்கு எட்டு உள்ளே வைத்ததும் உடம்புக்கே வித்தியாசம் தெரியும்.

எங்கள் ஊர்க் காடு அதன் ஒரு மூலைக்குக் காணாது. ஏரிக்கரையில் தொடங்கி வயல் வரப்பில் முடிந்துவிடும். நடுவில் ஐயனார், ஏழு கன்னிமார், கால் உடைந்த மண் குதிரைகள். இங்கே கிளை ஒடித்தால் சாமி கேட்கும், அரிவாள் எடுத்துப் போகக்கூடாது, விழுந்த விறகைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பயம் இல்லையென்றால் இன்று எனக்கு வகுப்பறை இல்லை.

காலை ஆறரைக்கு ஏரிக்கரைப் புளியமரத்தடியில் கூடுவோம். பங்குனி தொடங்கிவிட்டால் எட்டரைக்குள் திரும்பிவிட வேண்டும், அதற்கு மேல் வெயில் தாங்காது. கார்த்திகை முதல் மாசி வரை பத்துமணிவரைகூட இருக்கலாம், கொசு ஒன்றுதான் தொல்லை. ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, ஒரு பென்சில். எங்களிடம் ஒரு பழைய வெள்ளைப் புடவை, இரண்டு பூதக்கண்ணாடி, ஒரு வெப்பமானி. கருவி என்று சொல்ல இவ்வளவுதான்.

உள்ளே போனதும் முதல் வேலை, அவரவர் இடத்தில் போய் உட்காருவது. முதல் மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரத்தையோ புதரையோ கல்லையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பத்து நிமிடம் பேசக்கூடாது. பார்த்ததை, கேட்டதை, மூக்குக்கு எட்டியதை எழுதலாம், வரையலாம், சும்மாவும் இருக்கலாம். முதல் சில வாரங்கள் இதுதான் பெரும்பாடு. ஒருவன் இருமுவான், இன்னொருத்தி சிரிப்பாள், மூன்றாமவன் எறும்பு கடித்துவிட்டது என்று எழுந்து வருவான். முசுறு கடித்தால் யாராலும் உட்கார முடியாது, அதுவும் உண்மைதான். இரண்டு மாதம் போனால் அந்தப் பத்து நிமிடத்தைக் குறைத்தால் சண்டைக்கு வருவார்கள். ஒரு பையன் வெப்பாலை மரத்தடியை எடுத்துக்கொண்டான். இரண்டு இரண்டாகத் தொங்கும் நீளமான காய்கள், நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவை எப்போது பிரியும் என்று வாரா வாரம் பார்த்து எழுதினான். காய் வெடித்து, பஞ்சு முளைத்த விதைகள் காற்றில் கிளம்பிய சனிக்கிழமை அவன் கத்திய கத்தலில் காடே கலைந்தது. அன்று பேசக்கூடாது என்ற விதியை நான் நினைவுபடுத்தவில்லை.

அந்த மரத்தின் இலையைக் கொஞ்சம் கொண்டுவந்து தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தோம். பச்சை இலை எண்ணெயைக் கருநீலமும் ஊதாவும் கலந்த நிறத்துக்கு மாற்றிவிடும். தோல் நோய்க்குச் சித்த மருத்துவத்தில் தரும் வெட்பாலைத் தைலம் இதுதான். சன்னபட்டணத்து மரப்பொம்மைகள் செய்யும் மரமும் இதுவே. (இலையைக் கோயில் எல்லைக்கு வெளியே, வரப்பில் தானாக முளைத்து நின்ற மரத்திலிருந்துதான் பறித்தோம். ஆயா அதில் கண்டிப்பு.)

குழியானையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண் குதிரைகளின் வயிற்றுக்குக் கீழே, மழைச்சாரல் படாத பொடிமணலில், புனல் வடிவத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் குழியானையைத் தெரியும், உள்ளங்கையில் எடுத்து விட்டு விளையாடுவார்கள். விளையாட்டுக்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்பதை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். சறுக்கி விழுந்த எறும்பு மேலே ஏறப் பார்க்கும், அடியில் இருப்பது தலையால் மணலை வாரி மேலே அடிக்கும், மணல் சரியும், எறும்பு மறுபடி கீழே வரும். குழியின் சரிவு ஏன் எல்லாக் குழியிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று ஒரு பெண் கேட்டாள். பொடிமணலைக் கையால் குவித்துப் பார்க்கச் சொன்னேன். எவ்வளவு கொட்டினாலும் ஒரு சாய்வுக்கு மேல் குவியல் நிற்காமல் சரிந்தது. ஈர மணலில் செங்குத்தாகவே நின்றது. அதனால்தான் அது காய்ந்த மணலைத் தேடுகிறது என்று அவளே சொன்னாள். இது இயற்பியல். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. இறக்கை முளைத்து, தும்பியைப் போன்ற பூச்சியாகிப் பறப்பதற்கு முன் இருக்கும் புழுப்பருவம்தான் இந்தக் குழியானை என்று சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. கண்ணாடிப் பாட்டிலில் மணலோடு ஒன்றை வைத்து, எறும்பு போட்டு வளர்த்தோம். வளர வளர மணலுக்குள் உருண்டையாகக் கூடு கட்டிக்கொண்டது. பிறகு ஒருநாள் பாட்டில் துணியில் இறக்கையோடு உட்கார்ந்திருந்தது. அதன்பின் என் வார்த்தைக்கு வகுப்பில் மதிப்புக் கூடிவிட்டது.

எட்டியும் தேற்றானும் எங்கள் காட்டில் அருகருகே நிற்கின்றன. இரண்டும் ஒரே பேரினம். எட்டிப் பழம் ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக, எடுத்துத் தின்னத் தோன்றும் அழகோடு இருக்கும். உள்ளே இருக்கும் கொட்டை ஆளைக் கொல்லும். தேற்றான்கொட்டையைச் சட்டியின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தால் மண் அடியில் படிந்துவிடும். ஆயா முதல் நாளே இரண்டு மரங்களின் நடுவில் பிள்ளைகளை நிறுத்திச் சொன்னார்: "அந்தப் பழத்தப் பாத்தா கை பரபரக்கும் கண்ணு. தொடாத. பாத்துட்டுப் போயிடு. ஆயா வீட்ல இந்தப் பக்கத்துத் தேத்தாங்கொட்டையிலதான் ஏரித்தண்ணியத் தெளிய வச்சிக் குடிச்சோம்." அடுத்த வாரம் ஏரித்தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்து, ஒன்றில் மட்டும் உரைத்த கொட்டையைக் கலந்து சன்னலோரம் வைத்தோம். ஒன்று தெளிந்தது, மற்றது கலங்கலாகவே கிடந்தது. கொட்டையிலிருந்து கரையும் பொருள் மண்துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியாக்குகிறது, கட்டி கனத்தால் கீழே இறங்குகிறது என்று படம் போட்டு விளக்கினேன். தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும், கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். குன்றிமணியும் எட்டியைப் போல நஞ்சுதான். பொறுக்கலாம், எண்ணலாம், நகைக்கடை எடைக்கு ஒரு காலத்தில் அதுதான் கல் என்று சொல்லலாம். வாயில் மட்டும் போகக்கூடாது.

ஐப்பசியில் மழை தொடங்கியதும் ஆறுமணிக்குருவி வந்துவிடும். வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தை இங்கே கழிக்க வருகிற பறவை. விடியலிலும் அந்தியிலும் இரட்டை விசில் அடிக்கும். சருகைக் கிளறிக்கொண்டு தரையிலேயே தத்தித் திரியும். இந்தப் பறவை ஊர்களில் களைத்து விழுந்து கிடப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பல நிறம் கலந்த அந்தக் குருவியைக் கிளி என்று நினைத்துக் கூண்டில் அடைத்த வீடுகளும் உண்டு. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி தன் தெருவில் அப்படி விழுந்த குருவியை அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, மாலையில் காட்டோரம் கொண்டுவந்து விட்டாள். எங்கே விட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சருகு தேவைப்படும் குருவி அது என்று அவள் முந்தைய வருடமே பார்த்திருந்தாள்.

சருகு என்றதும் நினைவுக்கு வருகிறது. வெள்ளைப் புடவையை விரித்து இரண்டு கை சருகை அள்ளிக் கொட்டினால் அரை மணி நேரம் போவதே தெரியாது. மரவட்டை, சிலந்தி, நத்தைக்கூடு, பெயர் தெரியாத துள்ளும் பூச்சிகள். அள்ளுவது நான்தான், அதுவும் முறத்தால். தேளும் பூரானும் இருக்கும் இடம் அது. வெப்பமானியை வரப்பில் ஒருமுறை, சருகுக்கு மேல் ஒருமுறை வைத்துப் பார்ப்போம். சித்திரை மாதத்தில் உள்ளே நான்கைந்து டிகிரி குறைவாகக் காட்டும். 'காடுகள் வெப்பத்தைத் தணிக்கின்றன' என்ற புத்தக வரியைப் பிள்ளைகள் எண்ணோடு எழுதத் தொடங்கியது அப்படித்தான்.

எங்கள் பள்ளியில் இருளர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகள் படிக்கிறார்கள். செங்கல் சூளைக்கும் மரம்வெட்டுக்கும் பெற்றோர் கிளம்பும்போது பிள்ளைகளும் கிளம்பிவிடுவதால் வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே இடைவெளிகள் அதிகம். வாய்ப்பாட்டில் பின்தங்கியவர்கள் என்று வகுப்பில் ஒரு பேச்சு இருக்கும். காட்டுப் பாதையில் விடிகாலை மணலைப் பார்த்து அவர்கள் சொல்வதைக் கேட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும். "கீரி போயிருக்கு டீச்சர். இது உடும்பு, பாருங்க, நடுவுல வால் இழுத்த கோடு." "இது ராத்திரியே போயிடுச்சு, கோட்டுக்கு மேல பனி சொட்டுன குழி இருக்கு." எந்தத் தடம் முந்தியது, எது பிந்தியது என்று சான்று காட்டிச் சொல்கிற எட்டு வயதுப் பிள்ளை அறிவியல் செய்துகொண்டிருக்கிறது. எங்கள் மதிப்பெண் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.

இந்த அறிவு எங்கே வரை போகும் என்பதற்கு ஊரறிந்த சான்று உண்டு. தோலுக்காகப் பாம்பு பிடிப்பது 1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பின் நின்றதும் இருளர்கள் பிழைப்பில்லாமல் தவித்தார்கள். 1978-ல் மாமல்லபுரம் அருகே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிடமிருந்தும் நஞ்சு எடுத்து மருந்து நிறுவனங்களுக்குத் தருகிறார்கள். இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பங்கு இவர்கள் கையால் வந்தது. 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறியபோது அழைக்கப்பட்டவர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் தடம் பார்க்கக் கற்றது அப்பன் பாட்டன் பின்னால் புதர்க்காட்டில் நடந்து. காட்டில் கற்பது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பதில் இதுதான்.

ஆயாவும் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது, அதை நாங்கள் கொடுத்துவிடுகிறோம். பாசத்துக்காக வருகிறார், சும்மா வரட்டும் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நகரத்திலிருந்து வந்து அரை மணி நேரம் பேசும் விருந்தினருக்குச் சால்வையும் பயணப்படியும் உண்டு என்றால், பருவம் தவறாமல் வந்து பிள்ளைகளைப் பாம்புக்கடி இல்லாமல் கூட்டிப்போய்க் கூட்டிவரும் ஆசிரியைக்குச் சம்பளம் உண்டு.

பாம்பைப் பற்றித்தான் பெற்றோர் முதலில் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். செருப்போ ஷூவோ இல்லாமல் யாரும் பாதையில் இறங்கக்கூடாது. கோயில்காட்டில் செருப்பு கூடாது என்பது ஊர் வழக்கம், இது மோதியது. பூசாரியிடம் பேசி, சாமி இருக்கும் இடத்துக்கு மட்டும் அந்த வழக்கம், மற்றப் பாதைக்கு இல்லை என்று முடிவானது. முன்னால் போகிறவர் கையில் கோல், தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். கண் போகாத இடத்துக்குக் கை போகக்கூடாது என்று ஆயா சொல்வார்: பொந்து, கல்லிடுக்கு, சருகுக் குவியல் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று மாதம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்கிறோம். கடித்தால் கட்டுப் போடாதே, கீறாதே, வேர் தேடாதே, கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐ அழை என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம். வீட்டில் பெரியவர்களுக்கு அதைச் சொன்ன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதுவரை நாங்கள் பார்த்தவை பெரும்பாலும் சாரை, பச்சைப்பாம்பு, கொம்பேறிமூக்கன். கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்று எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் கேட்டு வந்திருந்தார்கள். அது நஞ்சே இல்லாத பாம்பு. கிளையில் கிடந்ததைத் தள்ளி நின்று கால் மணி நேரம் பார்த்தார்கள். ஓணானைத் துரத்திக்கொண்டு இன்னொரு கிளைக்குப் போனது. புகையைப் பார்க்கவில்லை, சாப்பாட்டைத்தான் பார்க்கிறது என்று ஒருவன் எழுதினான்.

இன்னொரு கேள்வியைப் பெற்றோர் கேட்கமாட்டார்கள், ஊர் கேட்கும். அந்தக் காட்டுக்குள் யார் யார் வரலாம்? கோயில்காட்டின் மகிமையை எழுதுகிற பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்கள் ஊரிலும் ஊர்த்தெரு உண்டு, காலனி உண்டு. ஏரிக்கரை எல்லோருக்கும் பொது, சாமி வாசல் அப்படியல்ல. பள்ளிப்பிள்ளைகள் என்றால் எல்லோரும் வருவார்கள், இல்லையென்றால் யாரும் வரமாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நாள்கணக்கில் பேச்சு நடந்தது. கடைசியில் ஏரிப் பக்கமாக நுழைந்து ஏரிப் பக்கமாகவே வெளியே வரும் பாதைக்குச் சம்மதம் கிடைத்தது. யாருமே சாமி வாசலுக்குப் போவதில்லை. பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வரக்கூடாது என்ற பேச்சுக்கும் இதனால் இடமில்லாமல் போனது. இது தீர்வு என்று நான் சொல்லமாட்டேன். வாசல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் அது தெரிகிறது, கேட்கிறார்கள், மழுப்பாமல் பதில் சொல்கிறேன். ஒரே காட்டில் ஒன்றாக உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நாளை அந்த வாசலைப் பற்றி வேறு முடிவு எடுப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

வெளிநாடுகளில் இது தனிக் கல்விமுறையாகவே வளர்ந்திருக்கிறது. டென்மார்க்கில் 1950-களில் எல்லா ஃபிளாட்டாவ் (Ella Flatau) என்ற தாய் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பகலெல்லாம் வைத்திருந்தார். ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்க்கில் 1993-ல் காட்டு மழலையர் பள்ளிக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து டென்மார்க் போய்வந்தவர்கள் தங்கள் நாட்டில் காட்டுப் பள்ளியைத் தொடங்கிவைத்தார்கள். அவர்களும் வற்புறுத்துவது ஒரே காட்டுக்கு நீண்டகாலம் தொடர்ந்து போவதைத்தான். அவர்களுக்குக் குளிர், எங்களுக்கு வெயில். நெருப்பு மூட்டுவதும் கத்தி பிடித்துக் குச்சி சீவுவதும் அங்கே முக்கியமான பாடங்கள். எங்கள் காட்டில் குச்சி ஒடிக்கவே அனுமதியில்லை, காய்ந்த சருகில் தீயைப் பற்றி நினைக்கவும் முடியாது. எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டோம்.

"படிக்க அனுப்புனா காட்டுல சுத்தவுடுறீங்களே டீச்சர்" என்று ஓர் அம்மா வந்து நின்றார். அவர் மகனின் நோட்டைக் கொடுத்தேன். வகுப்பில் 'எனது கிராமம்' என்று தலைப்புக் கொடுத்தால் மூன்று வரியில் முடித்துவிடுகிறவன், மரநாய் எச்சத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அதில் எத்தனை வகைக் கொட்டை இருந்தது, எந்தப் பழம் எங்கே பழுத்தது, மரநாய் ராத்திரி எந்த வழியாக வந்திருக்கும், அந்தக் கொட்டையை ஊன்றினால் முளைக்குமா. எழுத்துப்பிழைகள் இருந்தன. சொல்ல விஷயம் இருக்கும் பிள்ளைக்குப் பிழை திருத்துவது எளிது. அந்தக் கொட்டைகளைப் பால் பாக்கெட்டில் ஊன்றி வைத்தோம், சில முளைத்தன. அந்த வருடம் எங்கள் பள்ளியில் நடுவதற்கு வெளியிலிருந்து கன்று வாங்கவில்லை. ஐப்பசி முதல் மழையில் பாலையும் நாவலும் நட்டோம்.

இப்போது ஒரு கவலை வந்திருக்கிறது. கோயிலுக்குத் திருப்பணி பேசுகிறார்கள். முள்ளையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து, சிமெண்டுத் தளம் போட்டு, வண்டி நிறுத்த இடம் விட்டு, மண்டபம் கட்டுவது திட்டம். பக்தியால்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் முள் என்று சொல்வது காரையும் சூரையும். ஆறுமணிக்குருவி சருகு கிளறுவது அதனடியில்தான். வெட்டவெளியான இடத்தில் அடுத்த இரண்டு மழையில் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் ஏறிவிடும் என்பதைப் பக்கத்து ஊர்க் கோயில்களில் பார்த்துவிட்டோம்.

2025-ல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயில் காட்டை அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சுமார் ஐந்து ஹெக்டேர் கோயில்காடு அது. 2022-ல் மதுரை அரிட்டாபட்டிக்குக் கிடைத்த அறிவிப்புக்கு அடுத்தது. எங்கள் காடு அவ்வளவு பெரிதில்லை. ஆனால் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும், ஊரில் உள்ள மரம், செடி, பறவை, அவற்றைப் பற்றி ஊரார் அறிந்தது எல்லாம் அதில் ஏற வேண்டும். எங்கள் பிள்ளைகளிடம் இருக்கும் நோட்டுகளில் அதுதான் இருக்கிறது. எந்த மரம் எந்த மாதம் பூத்தது, எந்தப் பறவை எப்போது வந்தது என்று பருவம் பருவமாக. தலைவரிடம் பேசினோம். அக்டோபர் 2 கிராம சபையில் பிள்ளைகள் பட்டியலை வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். மண்டபத்தை ஏரிப் பக்கம் கட்டாமல் சாலைப் பக்கமுள்ள மொட்டை நிலத்தில் கட்டலாம் என்ற வரைபடத்தையும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அளந்து போட்டிருக்கிறார்கள்.

பட்டியலில் இன்னும் சில இடங்கள் காலி. காயா மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறும் ஒரு கொடிக்கு ஆயா ஒரு பெயர் சொல்கிறார், எந்தப் புத்தகத்திலும் அந்தப் பெயர் கிடைக்கவில்லை. பூ எடுத்திருக்கிறது, படமும் பிடித்து வைத்திருக்கிறோம். தாவரவியல் படித்தவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை ஆறரைக்குப் புளியமரத்தடிக்கு வாருங்கள். ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.